தாராசுரம் வரை ஒரு டிக்கெட்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் என் பதற்ற நோயைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதியவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. அதிகம் பேர் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. கும்பகோணத்தில் குடியிருந்து தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த கணக்கு டீச்சர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். 2009-லிருந்து இந்த நோயோடு வாழ்கிறேன். எனக்கு நடந்ததையும், என்னைப் போன்றவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். மாத்திரையின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதத்தில் நான்கு முறை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், செத்துவிடுவேன் என்றே தோன்றும். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். 'உனக்கு ஒன்றுமில்லை' என்கிறார்கள். அப்படியானால் இது என்ன, டீச்சர்?
*– 34 வயது வாசகி, திண்டுக்கல்*

உங்கள் இதயத்தில் ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னதை நம்புங்கள், அம்மா. ஆனால் அதோடு பேச்சை முடித்து உங்களை வீட்டுக்கு அனுப்பியதுதான் சரியில்லை. எனக்கும் அதுதான் நடந்தது. 2009 ஆகஸ்டில் ஒரு காலை, பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டைக்கு முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது முதல் முறை வந்தது. மடியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு. அதைப் பிடித்திருந்த விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை. முதுகில் வியர்வை ஓடியது. கண்டக்டர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. அய்யம்பேட்டையில் இறங்கி ஒரு மளிகைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா சோடா உடைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் நான்கு மாதம் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. நான்கு இ.சி.ஜி. எடுத்தாயிற்று. ஒரு டாக்டர், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? சும்மா யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

உங்களுக்கும் எனக்கும் வருவதை பேனிக் அட்டாக் என்பார்கள். பாம்பைப் பார்த்தால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், ஓடத் தயாராகும். அதே ஏற்பாடு பாம்பே இல்லாதபோது நடக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், உதட்டோரம் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறோம். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது, இந்த நேரத்தில் அது ஏறத்தான் செய்கிறது. வேகம் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும்.

இதைத் தெரிந்துகொண்டதாலேயே எனக்குக் குணமாகிவிடவில்லை. ஆனால் நடுராத்திரியில் உட்கார்ந்து, 'இது மூச்சு, இது அட்ரினலின், இது விரல்' என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்க முடிந்தது. இருட்டில் தெரியாத ஆள் நிற்பதற்கும் தெரிந்த ஆள் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த நேரத்தில் மூச்சை ஆழமாக இழுக்கப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

அடுத்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டார். ஒன்று மட்டும்: நடக்கும்போது, படியேறும்போது நெஞ்சு வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, 'இதுவும் பதற்றம்தான்' என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனநல மருத்துவர் எஸ்சிடாலோபிராம் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் போட்டேன். பதற்றம் அதிகமாகி, வயிறு குமட்டி, தூக்கம் போய்விட்டது. நிறுத்திவிட்டேன். ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்கப் போட வேண்டும், அடிமையாகிவிடுவாய் என்று ரூம்மேட் சொல்கிறான். நிஜமா?
*– 23 வயது வாசகர், ஓசூர்*

தம்பி, ஐந்து நாளில் அந்த மாத்திரையின் தொந்தரவை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள், பலனைப் பார்க்கவில்லை. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸிட்டின் எல்லாம் ஒரே குடும்பம். முதல் ஓரிரு வாரம் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும். இதை உங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு செர்ட்ராலின் கொடுத்தார்கள், 25 மில்லிகிராமில் ஆரம்பித்து. மருந்துக்கடையில் 50 இருந்தது. எவர்சில்வர் டப்பா மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் மாத்திரையை வைத்து, நடுக்கோட்டில் பிளேடு வைத்து அழுத்துவேன். முதல் வாரம் என் கை நடுக்கத்தில் பாதி மாத்திரை தெறித்து அடுப்படிக்குள் ஓடும், என் மகள் தேடி எடுத்துத் தருவாள். பத்தாம் நாள் வரை காலையில் இட்லி இறங்கவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கவனித்தேன், காலையிலிருந்து என் நாடியை நான் ஒருமுறைகூடப் பிடித்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், வேறு எந்த அதிசயமும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றுக்காக நான் அந்த மாத்திரைக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அடிமையாவது என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போவது, அது கிடைக்காவிட்டால் அலைவது. இந்த மாத்திரைக் குடும்பத்தில் அது இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் ஒரு வெட்டு எல்லாம் வரும். அதனால்தான் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷமாவது தொடரச் சொல்வார்கள். சிலருக்கு அதோடு முடிந்துவிடும். நான் இரண்டு வருஷம் போட்டு நிறுத்தினேன். 2014-ல் அம்மா இறந்தபிறகு நோய் திரும்ப வந்தது, திரும்ப ஆரம்பித்தேன், இப்போதும் போடுகிறேன். மூக்குக்கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாதவள் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அதே மருத்துவரிடம் திரும்பப் போய், ஐந்து நாள் கதையை அப்படியே சொல்லுங்கள். இன்னும் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். தாம்பத்திய ஆசை குறைவதும் ஒரு பக்கவிளைவுதான், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் வயதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஆரம்ப வாரங்களில், இருபத்தைந்துக்குக் கீழே உள்ள சிலருக்குத் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டலாம். அப்படி ஒரு நினைப்பு லேசாக வந்தாலும் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள், ரூம்மேட்டிடமும் சொல்லி வையுங்கள்.

மூன்று வருஷமாகத் தூங்குவதற்கு ஆல்பிரசோலம் போடுகிறேன். தெரிந்த மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுவார்கள். இப்போது ஒன்று போதவில்லை, இரண்டு தேவைப்படுகிறது. நாளையிலிருந்து அடியோடு விட்டுவிடலாமா?
*– வாசகர், சிவகாசி*

வேண்டாம். தயவுசெய்து நாளைக்கே நிறுத்தாதீர்கள். மேலே ஓசூர்த் தம்பிக்குச் சொன்ன குடும்பம் வேறு, இது வேறு. இது அரை மணி நேரத்தில் அமைதிப்படுத்தும், அதனாலேயே பிடித்துக்கொள்ளும். மருத்துவர்கள் இதைச் சில வாரத்துக்கு மட்டுமே எழுதித் தருவார்கள். மூன்று வருஷம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில், வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில், துளித் துளியாகக் குறைக்க வேண்டும். அதுவரை மாத்திரையோடு மது சேரவே கூடாது. சீட்டு இல்லாமல் கொடுக்கிறவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. போய் அவரோடு சண்டை போடவும் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

என் மனைவி இரண்டு வருஷமாகத் தனியாக வெளியே போவதில்லை. மார்க்கெட், கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே போனாலும் நான் கூடப் போகிறேன். லீவு போட்டுப் போட்டு வேலையே போய்விடும்போல் இருக்கிறது. நான் செய்வது சரிதானா?
*– வாசகர், நாகர்கோவில்*

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவரும் இதைத்தான் செய்தார்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, தஞ்சாவூரில் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார்கள். என் பழைய மாணவிகளைவிடச் சின்ன வயசு. முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" செத்துவிடுவேன் என்றேன். "இதுவரை எத்தனை தடவை வந்திருக்கு? எத்தனை தடவை செத்தீங்க?" என்று கேட்கவில்லை அவர். அப்படிக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். "சரி, அந்தப் பஸ் எங்கெங்கே நிற்கும், சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினார். தாராசுரம், சுந்தரபெருமாள் கோயில், பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை மார்க் பயம் என்று என்னையே போடச் சொன்னார். தாராசுரத்துக்கு முப்பது. அய்யம்பேட்டைக்கு எண்பத்தைந்து. தஞ்சாவூருக்கு நூறு.

அதுதான் பாடத்திட்டம். முதல் வாரம் தாராசுரம் வரை மட்டும் டிக்கெட், தினமும். முப்பது என்று போட்டிருந்தேன், முதல் நாள் ஏறியதும் எழுபதுக்குப் போய்விட்டது. கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன், அதில் எண்களைக் குறித்துக்கொண்டே போனேன். ஆறாம் நாள் இருபதில் வந்து நின்றது. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. உச்சத்தில் இறங்கினால், 'இறங்கினதால்தான் பிழைத்தோம்' என்று மனசு படித்துக்கொள்ளும். பயம் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருந்தால், 'இது இறங்கக்கூடியது' என்று படித்துக்கொள்ளும். இடையில் அந்தப் பெண் தன் அறையிலேயே என்னைச் சுழல் நாற்காலியில் சுற்றவிட்டார், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார், மாடிப்படியில் ஏறி இறங்கவிட்டார். தலைசுற்றலும் படபடப்பும் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை உடம்புக்கே காட்டுவதற்காக.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பஸ்ஸில் போன நாளெல்லாம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய ஹெல்மெட் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும். நான்காவது வாரம் அதை உளவியலாளரிடம் சொன்னேன், அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து. "அப்போ இதுவரை பஸ்ஸில் போனது நீங்க மட்டும் இல்லை, அவரும்தான்" என்றார். அடுத்த வாரம் ஸ்கூட்டர் சுந்தரபெருமாள் கோயிலோடு திரும்பியது. அதற்கடுத்த வாரம் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. அன்றைக்கு என்னைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருக்கும்.

நீங்கள் அன்பால்தான் கூடப் போகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கூட வரும் ஒவ்வொரு முறையும், தனியாக வந்திருந்தால் ஆபத்து என்று உங்கள் மனைவியின் மனசு உறுதி செய்துகொள்கிறது. அதற்காக நாளைக்கே கையை விட்டுவிடாதீர்கள், அது துரோகம்போல் ஆகிவிடும். அவரோடு உட்கார்ந்து பேசி, அவரே மார்க் போடட்டும். தெருமுனைக் கடை, அப்புறம் பள்ளிக்கூட வாசல், அப்புறம் மார்க்கெட். முதல் நாள் நீங்கள் வீட்டு வாசலில் நில்லுங்கள், அடுத்த வாரம் உள்ளே இருங்கள். போன் பண்ணினால், "இதோ வந்துட்டேன்" என்று ஓடாமல், "இப்போ நூற்றுக்கு எத்தனை?" என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். எண் இறங்குவதை அவர் வாயாலேயே சொல்லட்டும். ஒரு உளவியலாளர் கூட இருந்து இதை நடத்தினால் நல்லது. அவரைத் தேர்ந்தெடுக்கும்போது, கிளினிக்கல் சைக்காலஜியில் படித்து, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மாமியார் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கச் சொல்கிறார். மாத்திரையை நிறுத்தினால்தான் பெருமாள் பார்ப்பாராம். என்ன செய்வது?
*– வாசகி, முசிறி*

குணசீலத்துக்குப் போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாற்பத்தெட்டு நாளுக்குத் தேவையானதை மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நானும் கும்பேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மாமியாருக்கு உங்கள்மேல் அக்கறை இருக்கிறது, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கேட்பார், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

தனியார் கவுன்சலிங்குக்கு ஒரு தடவைக்கே ஆயிரம், ஆயிரத்தைநூறு கேட்கிறார்கள். கூலி வேலை செய்கிறோம். எங்களுக்கு என்ன வழி?
*– வாசகி, பண்ருட்டி*

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம், மாத்திரையும் அங்கேயே இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் மனநல மருத்துவர் வருவார். உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டமாக இருக்கும், ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். அதனால் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பதற்ற நோய் உள்ளவர்கள் கூடிப் பேச நீங்கள் நடத்தும் கூட்டத்தைப் பற்றிப் போன இதழில் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன செய்வீர்கள்? எங்கள் ஊரில் நாங்களும் ஆரம்பிக்க முடியுமா?
*– வாசகர், காரைக்குடி*

நான் நடத்தவில்லை, நானும் போகிறேன். 2016-ல் ஐந்து பேராக ஆரம்பித்தோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நான்கு மணி, தெரிந்தவர் ஒருவருடைய டியூஷன் சென்டர் மாடி. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள்தான். ஒரு பிளாஸ்க் டீ. ஒரு நகை ஆசாரி வருகிறார், வெற்றிலைக் கடை வைத்திருக்கும் அம்மா வருகிறார், ஒரு கல்லூரி மாணவி, ஒரு பஸ் டிரைவர். இது புது யோசனை ஒன்றுமில்லை. 1937-லேயே சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற மனநல மருத்துவர், சிகிச்சை முடிந்தவர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஏற்பாடு செய்திருக்கிறார்.

ஒவ்வொருவரும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதம் போன ஒரு இடம், போக முடியாத ஒரு இடம். பேச விருப்பமில்லாதவர் பேச வேண்டாம், அந்த மாணவி மூன்று மாதம் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாள். யாரும் யாருக்கும் மாத்திரையின் பேரைச் சிபாரிசு செய்யக் கூடாது. 'பயப்படாதே' என்று சொல்லக் கூடாது. இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. இது சிகிச்சைக்குப் பதில் இல்லை, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறோம். யாராவது உயிரை விடும் பேச்சு பேசினால், அன்றைக்கே எங்களில் ஒருவர் அவரோடு மருத்துவமனைக்குப் போவோம்.

டாக்டரும் உளவியலாளரும் தராத எது அங்கே கிடைக்கிறது என்றால், ஒன்றைச் சொல்கிறேன். அந்த நகை ஆசாரி முதல் முறை வந்தபோது உள்ளே வராமல் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வேறு எந்த இடமாக இருந்தாலும், "உள்ளே வாங்க, ஏன் அங்கேயே இருக்கீங்க?" என்று நான்கு பேர் கூப்பிட்டிருப்பார்கள். எங்களில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. ஏன் கதவோரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்தவர்கள். வெற்றிலைக் கடை அம்மா மட்டும் எழுந்து போய் டீயை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். ஆசாரிக்குக் கை நடுக்கம், நகையைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது அது தெரிந்துவிடும் என்று பட்டறைக்கே போகாமல் இருந்தார். அடுத்த மாதமும் அதே ஸ்டூல். அதற்கடுத்த மாதம் செருப்பு வாசலில் இருந்தது.

உங்கள் ஊரில் ஆரம்பிக்க இரண்டு பேர் போதும். உங்கள் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், விருப்பமுள்ளவர்களை அவரே அனுப்பிவைப்பார். மாடி அறையானால் படிக்கட்டுக்கு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கதவை மூடாதீர்கள், பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகவே இருக்கட்டும்.